பின்வாசலுக்கும் முகப்புக்கும் நடுவே

கேள்வி: எனக்கு வயது 58. வங்கி வேலையில் பல ஊர் சுற்றி ஓய்வுபெற்று, இப்போது காரைக்குடிக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் இருக்கிறேன். ஒன்பது வயதில் என்னைப் பங்காளி வீட்டுக்குப் பிள்ளை கூட்டினார்கள், அதாவது தத்துக் கொடுத்தார்கள். பிறந்த வீட்டின் பின்வாசல் திறக்கிற தெருவில்தான், நேர் எதிரே, நான் வந்த வீட்டின் முகப்பு இருக்கிறது. அதுவரை ஆத்தா என்று கூப்பிட்டவரை அன்றிலிருந்து சின்னாத்தா என்று கூப்பிட வேண்டியதாயிற்று. இரண்டு வீட்டிலும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இருந்தும் எங்கேயும் ஒட்டாமலே இந்த வயது வந்துவிட்டது. இதை 14 பக்கத்தில் ஒரு சிறுகதையாக எழுதினேன். படித்த நண்பர், “நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கு” என்றார். அந்தச் சொல் மூன்று மாதமாக உறுத்துகிறது. இதை எனக்கே உரிய கதையாக்குவது எப்படி? எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே எழுதலாமா? பெற்றவர் 84 வயதில் அதே வீட்டில் இருக்கிறார். கதை வெளிவந்தால் அவர் மனம் நோகுமோ என்ற பயமும் இருக்கிறது. கதையை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கதையை மூன்று முறை படித்தேன். பத்திரிகைக்கு வரும் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுத்துச் செப்பனிடுவதுதான் இருபது வருஷத்துக்கும் மேலாக என் வேலை. ‘எங்கும் ஒட்டாதவன்’ கதைகள் எனக்கு மாதாமாதம் வரும். ஊர் விட்டு ஊர் போனவர்கள், வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள், விடுதியில் வளர்ந்தவர்கள் எழுதுவார்கள். ஒவ்வொருவர் வலியும் உண்மையானது. ஆனால் அநேகமாக எல்லாக் கதையும் ஒரே கதையாக வந்து சேர்கிறது. அது ஏன் என்று உங்கள் பக்கங்களை வைத்தே சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

நண்பர் சொன்னது முக்கால்வாசிப் பக்கங்களுக்குப் பொருந்தும். ஐந்தாம் பக்கத்துக்குப் பொருந்தாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் இரண்டு பக்கத்தில் வீட்டைச் சொல்கிறீர்கள். வீட்டுப் பெரியவரான ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்குத் தூண்கள், முட்டையின் வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் எல்லாம் வருகின்றன. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடியின்மேல் வார்த்து, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக வைப்பதைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் இருக்கிறது. தகவல் அத்தனையும் சரி. ஆனால் இது வண்டியில் வந்து இறங்கி, அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறவரின் கண். கதையில் இருப்பவன் ஒன்பது வயதுப் பையன். அவன் தூணின் மரம் எந்தத் தேசத்தது என்று பார்க்கமாட்டான். புது வீட்டில் முதல் ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் வளவைத் தாண்டி எப்படிப் போவது, எந்தக் கதவு கிரீச்சிடும், யார் விழித்துக்கொள்வார்கள் என்று பார்ப்பான். அந்தப் பையன் இரண்டு பக்கமும் காணாமல் போய்விட்டான்.

மூன்றாம் பக்கத்திலிருந்து உணர்வைச் சொல்லத் தொடங்குகிறீர்கள். ‘அந்நியன்’ என்ற சொல் 11 இடங்களில் வருகிறது. எண்ணினேன், மன்னியுங்கள், தொழில் பழக்கம். சென்னை விடுதியில் அந்நியன், மும்பைக் கிளையில் அந்நியன், திரும்பி வந்த ஊரில் அந்நியன். கடைசியில் இரண்டு வீட்டுக்கும் நடுத்தெருவில் நின்று, ‘நான் எங்கும் சேராதவன்’ என்று கண்ணீர் விடுகிறான். நண்பர் எங்கேயோ படித்தது இந்த வாக்கியங்களைத்தான். தனிமை, வெறுமை என்று பெயர் சொல்லிவிட்டால் உங்களுடையதும் என்னுடையதும் ஒரே அச்சாகிவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக இருப்பது சட்டதிட்டம்தான்: யார் எங்கே உட்காரலாம், எந்த வழியாக வரலாம், யாரை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒட்டாமை என்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அப்பாவுக்கு அரசாங்க வேலை. எனக்கு ஏழு வயதானபோது அவருக்கு உங்கள் பக்கம் மாற்றலானது. தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. அந்த வீட்டு ஆச்சி எத்தனை மணிக்குக் கண்ணயர்வார், எந்த நேரத்தில் வளவில் சத்தம் போடக்கூடாது, பட்டாலையில் எந்த இடம் யாருக்கு, கிணற்றடி வாளியை எப்படிக் கவிழ்த்து வைக்க வேண்டும் எல்லாம் ஒரே மாதத்தில் எனக்குப் பாடமாகிவிட்டது. யாரும் கண்டித்துச் சொல்லித்தரவில்லை. கோடை விடுமுறைக்கு அந்த வீட்டுப் பேரன் சென்னையிலிருந்து வந்தான். என் வயதுதான். தாத்தாவின் சாய்வு நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படுப்பான். ஈரக்காலோடு முகப்பு வரைக்கும் ஓடுவான். ஆச்சி ஒரு அதட்டல் போடுவார், அத்தோடு சரி. ஒருநாள் மத்தியானம் அவன் என்னிடம் வந்து, “குடிக்கிற தண்ணி எங்க இருக்கு?” என்று கேட்டான். மொண்டு கொண்டுவந்து கொடுத்தேன். அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அது அவன் வீடு.

எனக்கு இன்றுவரை ஒட்டாமை என்றால் அந்தச் செம்புத் தண்ணீர்தான். ஒரு வீட்டுக்கு உரியவர் தப்புச் செய்யலாம், மறக்கலாம், தெரியாமலே இருக்கலாம். ஒட்டாதவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் ஒருநாளும் பிழை செய்யமாட்டார். உங்கள் கதைப் பையன் புது வீட்டில் அழுகிறான், முரண்டு பிடிக்கிறான், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுகிறான். நீங்கள் உண்மையிலேயே அப்படிச் செய்தீர்களா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. ‘ஒரு குறையும் வைக்கவில்லை’ என்று 58 வயதிலும் இவ்வளவு கவனமாக எழுதுகிற மனிதர், ஒன்பது வயதில் தட்டைத் தள்ளியிருக்கமாட்டார். போட்டதைச் சாப்பிட்டு, இலையை ஒழுங்காக மடித்துவிட்டு எழுந்திருப்பார். அந்தப் பையனை எழுதுங்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்கிற ஒரு சின்னப் பையனைப் பார்க்கிற வாசகருக்கு வயிற்றைப் பிசையும். நீங்கள் ‘அந்நியன்’ என்று ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டியிருக்காது.

இப்போது ஐந்தாம் பக்கம்.

பிள்ளையார் நோன்பு. உங்கள் பக்கத்து வழக்கம் எனக்கு ஓரளவு தெரியும். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொன்றாம் நாள், மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடுகிற அன்றைக்கு, 21 இழை திரித்த திரியை மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவருக்காக எடுத்துக் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது. கூட்டிவந்த வருஷத்து நோன்பன்று, புது ஆத்தா ஒரு தூக்குவாளியில் பணியாரம் வைத்து, “சின்னாத்தா வீட்டுல குடுத்துட்டு வா” என்று பையனை அனுப்புகிறார். அவன் தெருவைத் தாண்டி, பழகின பின்வாசல் வழியாகவே நுழைகிறான். அடுப்படியில் இருந்த பெற்றவர் நிமிர்ந்து பார்த்து, “வாங்க” என்கிறார்.

மொத்தம் மூன்றே வரி. அதற்கடியில், ‘அந்த ஒற்றைச் சொல்லில் என் உலகம் நொறுங்கியது’ என்று தொடங்கி நாலு வரி விளக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலையும் அடித்துவிடுங்கள். அந்த மூன்று வரியின் கனம் உங்களுக்கே தெரிந்திருந்தால் விளக்கியிருக்கமாட்டீர்கள்.

செட்டிநாட்டில் வந்தவரை ‘வாங்க’ என்று கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை’ என்று பத்து வருஷம் போக்குவரத்தை நிறுத்திக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் அது முகப்பில் சொல்கிற சொல். பின்வாசல் வழியாக வருகிறவரை யாரும் ‘வாங்க’ என்று கேட்பதில்லை. பால்காரரும், வேலை செய்கிறவர்களும், வீட்டுப் பிள்ளைகளும் வருகிற வழி அது. விளையாடிவிட்டு அதே வழியாக ஓடிவந்தால் போன வருஷம்வரை அந்த ஆத்தா என்ன சொல்லியிருப்பார்? “எங்கடா சுத்திட்டு வர்ற, காலக் கழுவு.” அவன் பிள்ளைகளின் வழியாக வந்தான். அவருக்கு வாயில் வந்தது விருந்தாளிக்கான சொல். வாசலும் சொல்லும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. உங்கள் கதை இதுதான், வேறொன்றும் இல்லை. இதை எழுத உங்களால்தான் முடியும். ஏனென்றால் ஒரு வீடு இரண்டு தெருவுக்குத் திறப்பதும், ஒரு வாசலில் மகனாகவும் மறு வாசலில் விருந்தாகவும் ஒருவன் நுழைய முடிவதும் உங்கள் ஊர்க் கட்டடத்திலேயே இருக்கிறது. நீங்கள் இரண்டு பக்கம் செலவழித்து வர்ணித்த வீட்டுக்குக் கதையில் வேலை இருப்பது இந்த ஒரே இடத்தில்தான்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நோன்பு கழிந்து அடுத்த தடவை அந்த வீட்டுக்குப் போனபோது எந்த வழியாகப் போனீர்கள்? தெருவைக் குறுக்கே தாண்டினால் பத்துப் பதினைந்து எட்டில் பின்வாசல். சுற்றிக்கொண்டு போனால் வீட்டின் நீளம் முழுக்க நடந்து, முனை திரும்பி, அடுத்த தெருவுக்கு வந்து, முகப்பில் ஏறித் திண்ணையில் உட்கார்ந்து, யாராவது ‘வாங்க’ என்று கேட்கும்வரை இருக்க வேண்டும். நான் நினைப்பதுபோல அந்தப் பையன் பிழையே செய்யாதவன் என்றால், அவன் சுற்றிக்கொண்டு போயிருப்பான். அந்த நடையோடு கதை நின்றால் போதும். நடுத்தெருக் கண்ணீர் வேண்டவே வேண்டாம். நடந்தது வேறாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பட்டது நான் ஊகிப்பதைவிட நிச்சயம் நன்றாகவே இருக்கும்.

அந்த மாலை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் விடச் சொல்கிறேன். சென்னையும் மும்பையும் போகட்டும். அவை ஒரு நாவலுக்கு வேண்டியிருக்கலாம். கூட்டிவந்த நாளும் வேண்டாம் என்பேன். இந்த யோசனையில் எனக்கே கொஞ்சம் தயக்கம் இருந்தது, காரணத்தைச் சொல்கிறேன். 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டப்படி ஹோமம்கூடக் கட்டாயம் இல்லை, பிள்ளையை ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்கிக்கொள்வதுதான் கட்டாயம். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற அந்தக் கணம் யாரையும் எழுதச் சொல்லி இழுக்கும். இழுப்பதாலேயே எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். உங்கள் பக்கத்து வாசகருக்குப் பிள்ளை கூட்டுவது புதுச் செய்தியும் அல்ல. கண்ணதாசனே சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்து, சுவீகாரம் போன வீட்டில் நாராயணனாக வளர்ந்தவர்தான். நிகழ்ச்சியை அவர்கள் அறிவார்கள். அதற்குப் பிறகு வருகிற ஒரு சாதாரணச் சாயங்காலம் எப்படி இருக்கும் என்பதைத்தான் அறியமாட்டார்கள்.

ஆனால் அந்தச் சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது. கதையில் எழுதாவிட்டாலும் உங்கள் மனதில் இருக்க வேண்டும். தத்துக் கொடுத்த நாளிலிருந்து பிறந்த குடும்பத்தோடு இருந்த உறவுகள் அறுந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது அது. உடனே ஒரு விலக்கு வைக்கிறது: பிறந்த குடும்பத்தில் முன்பு யாரை மணந்துகொள்ள முடியாதோ, அவர்களைத் தத்துப் போன பிறகும் மணக்க முடியாது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, ரத்தம் மட்டும் அங்கேயே இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார்கள் பாருங்கள். வழக்கறிஞர் ஒருவர் இதை எனக்கு விளக்கியபோது வெகுநேரம் பேச்சே வரவில்லை.

நோன்புக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்கள் அதற்கும் சேர்த்து இரண்டு இழை, அதாவது இரண்டு திரி, எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கதைப் பையன் பங்குனியில் பிறந்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவன் பிறப்பதற்கு முந்திய மார்கழியில், அதே வீட்டில், அவனுக்காக ஒரு இழையை அந்த ஆத்தா விழுங்கியிருக்கிறார். அவன் முகம் தெரிவதற்கு முன்பே அந்த வீட்டுக் கணக்கில் அவன் இருந்தான். பணியார வாளியோடு நிற்கிற பையனுக்கு இது தெரியாது. அடுப்படியில் இருப்பவருக்குத் தெரியும். கதையில் ஒரே ஒரு வரியில், வேறு யாரோ பேச்சுவாக்கில் சொல்வதாக இது வரலாம். அங்கே இன்னொரு மருமகள் அன்று கர்ப்பமாக இருந்து, ‘அவளுக்கு ரெண்டு’ என்று ஐயா சொன்னால் போதும். ஆத்தா பையனைத் திரும்பிப் பார்க்கக்கூடத் தேவையில்லை.

பேச்சுவழக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உரையாடலில் உங்கள் பேச்சு அப்படியே வரட்டும், கதை சொல்கிற வரிகளைப் பொதுத்தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பச்சி, அயித்தை, அண்ணமிண்டி, வளவு, பட்டாலை எதற்கும் அடைப்புக்குறி போட்டு விளக்கம் எழுதாதீர்கள். வேறு ஊர்க்காரர் ஒரு சொல்லுக்கு அரை நிமிஷம் தடுமாறினால் தடுமாறட்டும், அடுத்த வரியில் பிடித்துக்கொள்வார். ‘சின்னாத்தா’ மட்டும் வேறு. அந்தச் சொல்லைப் பையன் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்கிற இடம் கதையில் இருக்க வேண்டும், அதுவும் ஒரே இடத்தில். உங்கள் வரைவில் முதல் பக்கத்திலிருந்தே சரளமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்த மாலைவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்து வந்தவனாக அவனை வைத்துப் பாருங்கள். முறை சொல்லாமல் பேசிப் பழகுவது எவ்வளவு சாமர்த்தியம் என்று புகுந்த வீட்டுக்குப் போன எந்தப் பெண்ணும் சொல்வாள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். நேராகச் சொன்னால், அதைப் படித்தபோது எனக்கு உங்கள்மேல் மதிப்புக் கூடியது. ஊர்ப்பெயரை மாற்றுங்கள், உடன்பிறந்தவர்கள் எண்ணிக்கையை மாற்றுங்கள், பங்காளி வீட்டின் தொழிலை மாற்றுங்கள். தெருவின் அகலத்தையும் இரண்டு வாசலையும் மட்டும் தொடாதீர்கள். ஆனால் இப்படி மாற்றுவது ஊராருக்குத்தான் உதவும். அவருக்கு உதவாது. படித்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் எந்தப் பத்திரிகைக்கும், எங்களுக்கும்தான், அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் படித்துக் காட்டுங்கள். 84 வயதில் ஒருவருடைய வாழ்க்கையின் மிகக் கடினமான நாளைப் பற்றி அவருக்குத் தெரியாமல் அச்சில் வரக்கூடாது என்று நான் நினைக்கிறேன். ‘வேண்டாம்’ என்றால் காத்திருங்கள். கதை கெட்டுப்போகாது.

படிப்பதற்கு முன்னால் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள். உங்கள் வரைவு முழுக்க அவர் உங்களை விருந்தாளியாக்கியதாக வருகிறது. அவர் மனதில் என்ன இருந்தது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. நோன்பு நாள் சாயங்காலம் அது. அப்படிப்பட்ட வீட்டின் அடுப்படியில் ஒருவர் தனியாக இருந்திருக்க வழியே இல்லை. மாமியார் இருந்திருக்கலாம். ஓரகத்தி இருந்திருக்கலாம். பங்காளி வீட்டிலிருந்து யாராவது மாவு இடிக்க வந்திருக்கலாம். நீங்கள் கேட்ட அந்த ‘வாங்க’ உங்கள் காதுக்காகச் சொன்னதுதானா, வேறு யாருடைய காதுக்காகவுமா? கொடுத்த பிள்ளையை இன்னும் தன் பிள்ளையாகவே நடத்துகிறாள் என்று ஒரு சொல் கிளம்பிவிடக்கூடாது என்பதற்காக, அவரும் அன்றைக்குப் பிழையில்லாமல் நடந்துகொண்டிருக்கலாம் அல்லவா? சொந்த அடுப்படியில், பெற்ற பிள்ளையின் முன்னால், எந்தச் சொல்லைச் சொல்லலாம் என்று பார்த்துச் சொன்னவராக அவரை வைத்து அந்த மூன்று வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

அன்று அடுப்படியில் கூட யார் இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்து, அதற்குப் பிறகு எழுத உட்காருங்கள். ஆறு பக்கத்துக்குள் முடியும். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.